உழைப்பவரிடம் அரசு வாங்கும் கைமாற்று

2025 டிசம்பர் 17 வரையிலான நேரடி வரி வசூல் விவரத்தை ஒன்றிய அரசு வெளியிட்டபோது, நிகர வசூல் முந்தைய ஆண்டின் இதே காலத்தைவிட 8 விழுக்காடு உயர்ந்து 17.04 லட்சம் கோடி ரூபாயை எட்டிவிட்டதென்று முதலாளித்துவ ஏடுகள் கொட்டை எழுத்தில் செய்தி வெளியிட்டன. பொருளாதாரம் செழிப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஆளும் கட்சியின் பேச்சாளர்கள் கேட்டார்கள். அதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. மொத்த வசூல் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே உயர்ந்து 20.01 லட்சம் கோடியாக இருந்தது. வரி செலுத்தியோருக்குத் திருப்பித் தரப்பட்ட தொகையோ 13 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து 2.97 லட்சம் கோடியில் நின்றது.

கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் இதன் பொருளைக் கண்டுகொள்ளலாம். மொத்தத்தில் ரீஃபண்டைக் கழித்தால் வருவது நிகரம். ரீஃபண்ட் குறைந்தால் நிகரம் தானாக வீங்கும். அரசு கொண்டாடிய வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது, கூடுதலாக வந்த வரியால் வந்ததல்ல. திருப்பித் தரும் தொகை சுருங்கியதால் வந்தது. நவம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் இதற்கு விளக்கம் அளித்தார். தவறான கழிவுகளைக் கோரிய கணக்குகள் பரிசீலனையில் உள்ளன, மீதமுள்ள ரீஃபண்டுகள் டிசம்பருக்குள் வந்துவிடும் என்றார். அந்த விளக்கத்தைப் பின்னர் கவனிப்போம். அதற்கு முன், நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது.

இது நம்முடைய பிரச்சினையா? வருமான வரி என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை, ரீஃபண்ட் வரவில்லை என்று புலம்புவது அரசு அதிகாரிகளும் மென்பொருள் பொறியாளர்களும் செய்கிற வேலை, குறைந்தபட்சக் கூலிக்கே போராடும் தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கருத்து நம் அணிகளிலும் நிலவுகிறது. 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியில்லை என்ற 2025 பட்ஜெட் அறிவிப்புக்குப் பிறகு இந்தக் கருத்து மேலும் வலுப்பட்டிருக்கிறது. வரியே இல்லாதவருக்கு ரீஃபண்ட் எங்கிருந்து வரும் என்று தோழர்கள் கேட்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. இந்த நாட்டில் வரி கட்ட வேண்டிய அவசியமே இல்லாத இலட்சக்கணக்கானோரிடம் வரி பிடிக்கப்படுகிறது. அவர்களைப் பொறுத்தவரை ரீஃபண்ட் என்பது ஆண்டு முழுவதும் தவணை தவணையாகப் பறிக்கப்பட்ட கூலிதான்.

பத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது?

டிடிஎஸ் எனப்படும் மூலவரிப் பிடித்தம் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் நிறுவனத்தின் ஊழியர் என்று ஏற்கப்பட்டால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி அவருடைய ஆண்டு ஊதியம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, வரி வரம்பைத் தாண்டினால் மட்டுமே பிடித்தம் செய்ய வேண்டும். வரம்புக்குக் கீழே இருப்பவரிடம் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. ஆனால் அதே வேலையை, அதே மேசையில், அதே எட்டு மணி நேரம் செய்பவரை ஊழியர் அல்ல என்று தாளில் எழுதிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அவர் பெறுவது ஊதியம் அல்லவாம், தொழில்முறைக் கட்டணமாம். 194ஜே பிரிவின்படி அதில் 10 விழுக்காடு பிடிக்கப்படும். அவருடைய ஆண்டு வருமானம் என்ன, அவருக்கு வரி உண்டா இல்லையா என்று எவரும் பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 1995 ஜூலை 1 அன்று. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள் ஆகியோரின் பெரிய வருமானம் வரி வலையிலிருந்து தப்பக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நவதாராளமயத்தின் இந்த முப்பது ஆண்டுகளில் நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த முறை எங்கும் பரவியபோது, உயர் வருமானக்காரரைப் பிடிக்க வீசிய வலையில் கௌரவ விரிவுரையாளரும், சுகாதாரத் திட்டங்களின் ஒப்பந்தப் பணியாளரும், அரசு அலுவலகங்களில் வெளியிலிருந்து அமர்த்தப்படும் கணினி இயக்குநரும் சிக்கிக்கொண்டார்கள். பணிப் பாதுகாப்பு, ஈட்டிய விடுப்பு, பணிக்கொடை என்று வரும்போது இவர்கள் ஊழியர் அல்ல. வரி பிடிக்கும்போது மட்டும் இவர்கள் 'தொழில்முறையாளர்' என்ற உயர் பட்டத்துக்கு உரியவர்களாகிவிடுகிறார்கள்!

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய்க்கு வேலை செய்யும் ஒப்பந்த விரிவுரையாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000. எந்தக் கணக்கின்படியும் அவருக்கு வரி கிடையாது. ஆனால் மாதம் 2,000 ரூபாய் பிடிக்கப்பட்டு 18,000 ரூபாய்தான் கைக்கு வருகிறது. 2023 ஏப்ரல் மாதச் சம்பளத்தில் பிடித்த 2,000 ரூபாயை அவர் எப்போது திரும்பக் கேட்கலாம்? நிதியாண்டு முடிந்து, நிறுவனம் கடைசிக் காலாண்டின் பிடித்த விவரத்தை மே 31க்குள் தாக்கல் செய்து, ஜூன் நடுவில் சான்றிதழ் கிடைத்த பிறகு, 2024 ஜூலையில் கேட்கலாம். கேட்டதும் கிடைக்குமா? கணக்கு தாக்கல் செய்யப்பட்ட நிதியாண்டு முடிந்த பிறகு ஒன்பது மாதம் வரை அதைப் பரிசீலிக்க 143ஆம் பிரிவு துறைக்கு அவகாசம் தருகிறது. அதாவது 2025 டிசம்பர் 31 வரை. முதல் பிடித்தத்திலிருந்து இரண்டு ஆண்டு எட்டு மாதம் கழித்துப் பணத்தைத் தந்தாலும் சட்டப்படி அது தாமதமே அல்ல. சட்டம் வகுத்த கெடுவையும் மீறி நடக்கும் இழுத்தடிப்பைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கெடுவே இப்படி இருப்பதைப் பற்றி எழுதுவோர் இல்லை.

அண்டை அயலாரிடம் வட்டியில்லாமல் வாங்கி, சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பதைத் தமிழில் கைமாற்று என்கிறோம். கைமாற்றிலும் ஒரு மரியாதை உண்டு. வாங்குபவர் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிறார். தவணை தவறினால் தெருவில் எதிர்ப்படக் கூசுகிறார். இங்கே வாங்குபவர் கேட்பதுமில்லை, கூசுவதுமில்லை.

பிடித்தம் செய்யாதீர்கள், எனக்கு வரி இல்லை என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லையா? இருக்கிறது; ஆனால் எல்லோருக்கும் இல்லை. வங்கி வைப்புத்தொகைக்கு வட்டி பெறுபவர் 15ஜி படிவத்தையும், மூத்த குடிமகனாக இருந்தால் 15எச் படிவத்தையும் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். பங்குகளுக்கு ஈவுத்தொகை பெறுபவர் கொடுக்கலாம். வாடகை பெறுபவரும் கொடுக்கலாம். ஆனால் 194ஜே பிரிவில் சிக்கிய ஒப்பந்தப் பணியாளர் இந்தப் படிவத்தைக் கொடுக்க முடியாது. அவர் வரி அதிகாரிக்கு 197ஆம் பிரிவில் தனியாக விண்ணப்பித்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கி வர வேண்டும். பணம் பணத்தை ஈன்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போதும். உழைப்பு கூலியை ஈன்றால் அதிகாரியின் கதவைத் தட்ட வேண்டும். வட்டிக்கும் வாடகைக்கும் ஈவுத்தொகைக்கும் காட்டும் நம்பிக்கையை இந்தச் சட்டம் கூலிக்குக் காட்டவில்லை. வரிச் சட்டம் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்று சொல்பவர்கள் இந்த ஒரு படிவத்தை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தப் பிடித்தம் வேறு வாசல் வழியாக வருகிறது. ஐந்து ஆண்டு முடியும் முன் வேலையை விட்டு, அல்லது விட வைக்கப்பட்டு, வருங்கால வைப்பு நிதியை எடுக்கும்போது தொகை 50,000 ரூபாயை எட்டினால் 10 விழுக்காடு பிடிக்கப்படும். பான் எண் இல்லையென்றால் 20 விழுக்காடு. இங்கே 15ஜி கொடுக்கலாம்தான். கொடுக்கலாம் என்று அந்தத் தொழிலாளிக்குச் சொல்வது யார்? நிதி ஆலோசகரா, மனிதவள அதிகாரியா? தம் பணம் தம் கைக்கு வராமல் பூட்டப்படுவதைத் தொழிலாளர்கள் எவ்வளவு கூர்மையாக உணர்வார்கள் என்பதைப் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் 2016 ஏப்ரலில் நாட்டுக்குக் காட்டினார்கள். வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற அறிவிப்பை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைகளை மறித்தார்கள். இரண்டே நாளில் மோடி அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நிதிக் கொள்கை தொழிலாளிக்குப் புரியாது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

தாமதத்துக்கு இரண்டு விலை

அரசு தாமதித்தால் வட்டி தருகிறதே என்று வாதிடுவோர் உண்டு. தருகிறது. எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாம் அரசுக்குத் தரவேண்டிய வரி தாமதமானால் 234, 220 ஆகிய பிரிவுகளின்படி மாதம் 1 விழுக்காடு, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி. அரசு நமக்குத் தரவேண்டியது தாமதமானால் 244ஏ பிரிவின்படி மாதம் அரை விழுக்காடு. ஒரே ரூபாய், ஒரே மாதம், ஆனால் தொழிலாளியின் கையில் தங்கினால் அதற்கு 12 விழுக்காடு, அரசின் கையில் தங்கினால் 6 விழுக்காடு. அந்த 6 விழுக்காடும் பணத்தைப் பிடித்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. உரிய தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்தவருக்கு, பிடித்தம் நடந்த நிதியாண்டு முடிந்த அடுத்த ஏப்ரல் 1 முதல்தான் கணக்கு ஓடத் தொடங்கும். ஓராண்டுப் பிடித்தம் முழுவதும் அதுவரை சும்மா கிடக்கும். தாமதமாகத் தாக்கல் செய்தால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். ரீஃபண்ட் தொகை, செலுத்த வேண்டிய வரியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் எத்தனை ஆண்டு தாமதமானாலும் வட்டியே கிடையாது. கிடைக்கும் வட்டியும் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும்.

முன் சொன்ன விரிவுரையாளரின் 24,000 ரூபாய்க்கு 2024 ஏப்ரல் முதல் 2025 டிசம்பர் வரை 21 மாதத்துக்கு அரசு தரும் வட்டி 2,520 ரூபாய். அந்தப் பணம் கையில் இல்லாததால், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டியில் அவர் கடன் வாங்கினால், அதே காலத்துக்குக் கட்டும் வட்டி 10,080 ரூபாய். நுண்கடன் நிறுவனங்களும் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல்தான் வாங்குகின்றன. தாமதத்தைச் சமாளிப்பது எப்படி என்று வணிக ஏடுகள் பக்கம் பக்கமாக ஆலோசனை சொல்கின்றன: அவசரகால நிதி வைத்திருங்கள், பொறுமையாக இணையதளத்தில் நிலையைச் சரிபாருங்கள் என்று. மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்கும் குடும்பத்திடம் அவசரகால நிதியா? தொழிலாளிக் குடும்பம் இந்தத் தாமதத்தைச் சமாளிக்கும் வழி ஒன்றுதான். நகை அடகுக்குப் போகிறது. அடகுக்கடைக்குச் செல்லும் வட்டியில் பெரும்பகுதி உண்மையில் அரசின் கடனுக்கான வட்டி. கட்டுபவர் மட்டும் வேறு.

இந்த ரீஃபண்ட் வட்டி நாடாளுமன்றத்தின் முன் செலவினமாக வைக்கப்பட்டு ஒப்புதல் பெறப்படுவதில்லை, வருவாயிலிருந்தே கழித்துக் காட்டப்படுகிறது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பல அறிக்கைகளில் ஆட்சேபித்திருக்கிறார். தாமதத்துக்காக நாடு எவ்வளவு செலவிடுகிறது என்பது மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்புக்கே வராமல் போகிறது.

பெயரில் ஓர் எழுத்து

பணம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் பெங்களூருவில் உள்ள மையப் பரிசீலனை மையத்தைக் காட்டுவார்கள். அங்கே கணினி தாளைப் பார்க்கிறது, மனிதரைப் பார்ப்பதில்லை. 2023 ஜூலை 1 முதல் ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண் செயலிழந்ததாக அறிவிக்கப்பட்டது. செயலிழந்த எண்ணுக்கு ரீஃபண்ட் கிடையாது, செயலிழந்திருந்த காலத்துக்கு வட்டியும் கிடையாது. ஆனால் பிடித்தம் மட்டும் கூடுதல் விகிதத்தில் தொடரும்! மீண்டும் உயிர்ப்பிக்க 1,000 ரூபாய் கட்டணம். இரண்டு ஆவணங்களிலும் பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் இணைப்பே நடக்காது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாத தமிழர்களுக்கு இது தனித் தொல்லை. ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பாவின் பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் வாழும் நம் தோழர்கள் இதை நன்கறிவார்கள். வங்கிக் கணக்கிலும் பெயர் பொருந்த வேண்டும். 2020 ஏப்ரலில் பத்து அரசு வங்கிகளை நான்காக இணைத்ததில் கோடிக்கணக்கானோரின் கிளைக் குறியீடுகள் மாறின. பழைய குறியீட்டைக் கொடுத்தவரின் ரீஃபண்ட் வாசல் வரை வந்து திரும்பிப் போகும்.

பெயரும் குறியீடும் சரியாக இருந்தாலும் பழைய பாக்கி ஒன்று குறுக்கே வரலாம். 245ஆம் பிரிவின்படி பழைய நிலுவையை ரீஃபண்டில் கழித்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த நிலுவைகள் உண்மையானவையா? காகிதப் பதிவேடுகளில் இருந்த சரிபார்க்கப்படாத நிலுவைகளைக் கணினியில் ஏற்றி, அவற்றுக்காக ரீஃபண்டுகளைப் பிடித்து வைத்ததை 2013 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்து, துறையின் தவறுக்கு வரி செலுத்துவோர் பலியாகக் கூடாது என்று கூறியது. பதினோரு ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட் உரையில் நிதியமைச்சரே ஒப்புக்கொண்டார். 1962 வரை பின்னோக்கிச் செல்லும், சரிபார்க்கப்படாத சிறு நிலுவைகள் ஏடுகளில் கிடக்கின்றன, அவை பின்னாளைய ரீஃபண்டுகளைத் தடுக்கின்றன என்றார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அந்த நிலுவைகள் கைவிடப்படும் என்றும் அறிவித்தார். இருந்ததே இல்லாத கடனுக்காக அத்தனை ஆண்டுகள் பணத்தைப் பிடித்து வைத்ததற்கு யார் பதில் சொன்னார்கள்?

முதலாளி திருடினால் தண்டனை யாருக்கு என்பதற்குக் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் சாட்சி. ஊழியர்களின் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டது அந்த நிறுவனம். சம்பளப் பாக்கியோடு நின்ற ஊழியர்களுக்கு வருமான வரித் துறையின் நோட்டீசும் வந்தது. பிடித்தம் நடந்துவிட்டால் ஊழியரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் முதலாளி கட்டியதாகக் கணினியில் பதிவு இல்லையென்றால் வரவும் இல்லை, ரீஃபண்டும் இல்லை. அந்த நிறுவனத்தின் அதிபர் மல்லையா 2016 மார்ச்சில் நாட்டைவிட்டே போய்விட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் கோபம் வருமான வரி ஊழியர்கள் மீது அல்ல. அத்துறையில் ஆயிரக்கணக்கான பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. இருப்பவர்கள் இருவர் வேலையைச் செய்கிறார்கள். 4,242 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் இன்ஃபோசிஸ் உருவாக்கிய புதிய இணையதளம் 2021 ஜூனில் திறக்கப்பட்டது முதல் முடங்கி முடங்கி நின்றது. ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. வரி செலுத்துவோரின் குறைகளை விசாரிக்க 2003இல் ஏற்படுத்தப்பட்ட வருமான வரிக் குறைதீர்ப்பாளர் அமைப்பை 2019 பிப்ரவரியில் இதே அரசு கலைத்துவிட்டது. மக்கள் இணையவழிப் புகாரையே விரும்புகிறார்கள் என்பது காரணமாம். மறு ஆண்டே 'நேர்மையானோரைப் போற்றுவோம்' என்ற முழக்கத்தோடு வரி செலுத்துவோர் சாசனத்தைப் பிரதமர் வெளியிட்டார்.

மோசடி என்னும் சாக்கு

இனி வாரியத் தலைவரின் விளக்கத்துக்கு வருவோம். பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கும் கும்பல்கள் இருப்பது உண்மை. 2025 ஜூலையில் நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் அரசு கூறியது. அரசு ஊழியர்களும் பொதுத்துறைத் தொழிலாளர்களும்கூட ரீஃபண்டில் இவ்வளவு பங்கு எனக்கு என்று பேசும் தரகர்களின் வலையில் விழுந்திருக்கிறார்கள். நம் சங்க உறுப்பினர்கள் எவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதில் சமரசம் வேண்டியதில்லை. கட்டாத வாடகைக்கும் கொடுக்காத நன்கொடைக்கும் ரசீது போடுவது வர்க்கப் போராட்டம் ஆகாது.

ஆனால் முன் சொன்ன விரிவுரையாளர் என்ன கழிவு கோரினார்? எதுவும் இல்லை. அவருடைய வருமானமும் பிடித்தமும் அரசின் கணினியிலேயே, நிறுவனம் அளித்த விவரமாக, காலாண்டுக்கு ஒருமுறை பதிவாகி இருக்கின்றன. வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் கழிவே கோராமல், பிடித்ததை மட்டும் கேட்கும்போது மோசடிக்கு அங்கே இடம் ஏது? ஏற்றுமதியாளர்களுக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் ஏற்கப்பட்ட ஏழு நாளில் 90 விழுக்காட்டைத் தற்காலிகமாகத் தந்துவிட்டு, சரிபார்ப்பைப் பிறகு முடிக்கலாம். (நடைமுறையில் 2017-18இல் சிறு ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு தனிக்கதை.) முதலில் பணம், பிறகு சரிபார்ப்பு என்பது ஏற்றுமதி மூலதனத்துக்கு முடியுமென்றால் கூலிக்கு ஏன் முடியாது?

பெரும் மூலதனத்துக்கு இந்த அரசு எவ்வளவு விரைவாகக் கணக்கைத் தீர்க்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிரிட்டனின் கெய்ர்ன் எனர்ஜி நிறுவனம் முன்தேதியிட்ட வரியை எதிர்த்துச் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் 2020 டிசம்பரில் வென்றது. 2021 ஜூனில் பாரிசில் உள்ள இந்திய அரசின் சொத்துகளை முடக்க நீதிமன்ற ஆணை பெற்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, அதே மாதத்தில் சட்டமானது. 2022 பிப்ரவரியில் 7,900 கோடி ரூபாய் அந்த நிறுவனத்துக்குத் திரும்பிச் சென்றது. வட்டி தரப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் வேகத்தைப் பாருங்கள்: ஆணை வந்து எட்டு மாதத்தில் சட்டமும் மாறியது, பணமும் போய்ச் சேர்ந்தது. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை ஒரே நாள் அறிவிப்பில் கைவிட்ட அரசும் இதுதான். அதன் விளைவு இன்று கண்முன் நிற்கிறது. 2023-24இல் தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது. நிறுவன வரி 9.11 லட்சம் கோடியில் நின்றது. உழைப்போரும் ஊதியம் பெறுவோரும் நிறுவனங்களைவிட அதிகம் கட்டுகிறார்கள், தங்கள் ரீஃபண்டுக்கும் அவர்களே காத்துக் கிடக்கிறார்கள்.

இந்த அரசின் உள்ளக்கிடக்கை என்ன என்பதற்கு 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட புதிய வருமான வரி மசோதா ஆவணமாக இருக்கிறது. கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்யாதவருக்கு ரீஃபண்டே கிடையாது என்ற பொருள்படும் விதி அதில் நுழைக்கப்பட்டிருந்தது. தாமதமாகக் கேட்டால் உன் பணம் உனக்கு இல்லை! எதிர்ப்பு எழுந்து, தேர்வுக்குழு நீக்கச் சொன்ன பிறகே அந்த விதி கைவிடப்பட்டது. திருத்திய மசோதா ஆகஸ்ட் 11 அன்று அறிமுகமாகி, பீகார் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் முழங்கிக்கொண்டிருந்த அவையில், அதே நாளில் சில நிமிடங்களில் விவாதமின்றி நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்கிவிட்டன, எளிமையாகிவிட்டது என்கிறார்கள். பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. 12 விழுக்காடும் 6 விழுக்காடும் மாறவில்லை.

ஆகவே கோரிக்கை எங்கே வைக்கப்பட வேண்டும்? வரித் துறையின் வாசலில் மட்டும் அல்ல. இந்த நோயின் வேர் ஒப்பந்த முறையில் இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளர் ஊழியர் என்று ஏற்கப்பட்டால், வரம்புக்குக் கீழே உள்ளவருக்கு மறு மாதமே பிடித்தம் நின்றுவிடும், ரீஃபண்டுக்கு அலையும் வேலையே இராது. பணிநிரந்தரக் கோரிக்கையை எழுப்பும் ஒவ்வொரு சங்கமும் இந்தப் பிடித்தக் கணக்கையும் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை, எவ்வகைக் கட்டணமானாலும் வரம்புக்குக் கீழே உள்ளவருக்கு 15ஜி போன்ற சுய அறிவிப்பு உரிமை வேண்டும். கழிவு கோராத சிறு கணக்குகளுக்கு அறுபது நாளில் ரீஃபண்ட், தவறினால் நம்மிடம் வாங்கும் அதே 12 விழுக்காடு, அதுவும் பிடித்த நாளிலிருந்து. இவற்றை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நிதி மசோதா விவாதத்தில் எழுப்ப வேண்டும்.

கிளைகள் இப்போதே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. ஒப்பந்தப் பணியாளர்களிடையே நாம் போகும்போது சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, எந்தப் பிரிவில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் என்ற கணக்கைத் திறந்து, நிறுவனம் பிடித்த பணத்தைக் கட்டியிருக்கிறதா என்று காலாண்டுதோறும் சரிபார்க்க இளந்தோழர்கள் உதவலாம். பிடித்த விவரத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்யும் நிறுவனம் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நிர்வாகத்தோடு பேசும்போது இதை நினைவூட்டினால் தாள்கள் விரைவாக நகரும். விவரம் தெரியாமல் பழைய ஆண்டுகளுக்குக் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் பணம் போய்விட்டதென்று விட்டுவிடத் தேவையில்லை. உரிய காரணம் காட்டி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை தாமதத்தை மன்னிக்கக் கோரி முதன்மை ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம் என்று 2024 அக்டோபர் 1 அன்று வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. 2020-21 மதிப்பீட்டு ஆண்டுக்கான அந்த ஐந்து ஆண்டுக்கு 2026 மார்ச் 31 கடைசி நாள். பிடித்தச் சான்றிதழ் கையில் உள்ளவர்களின் விண்ணப்பங்களை அந்தந்த ஆண்டுக்கான கெடுவுக்குள் சேர்த்துவிட வேண்டும்.